கோபப் பெட்டி: எது காசுக்குப் பெறும், எது பெறாது

சின்னக் குழந்தைகளின் கோபத்தையும் அழுகையையும் முரண்டையும் தணிக்க என்று ஒரு பெட்டி இப்போது பொம்மைக் கடைகளிலும் ஆன்லைனிலும் பல பெயர்களில் விற்கிறது. அட்டை மேலே ‘காம் டவுன் கிட்’ என்று போட்டிருப்பார்கள். விலை பெரும்பாலும் 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள். பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: இருபது, இருபத்து நாலு முகபாவ அட்டைகள், சுவரில் மாட்டும் வண்ண வட்டம், மினுமினுப்புத் தூள் மிதக்கும் பாட்டில், மணல் கடிகாரம், அமுக்குகிற பந்து, குமிழ்களை விரலால் அமுக்கி விளையாடும் ‘பாப் இட்’, மூச்சுப் பயிற்சி அட்டை, கூடவே ஆங்கிலத்தில் ஒரு கையேடு.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துக் குழந்தைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். அம்மாவும் அப்பாவும் நார் மில்லுக்கோ தோட்டத்துக்கோ போய்விட, பகலில் பார்த்துக்கொள்வது அப்பிச்சியும் அம்மிச்சியும் (அம்மாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும்). வயது இரண்டு முதல் ஆறு வரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அட்டைகள் காசுக்குப் பெறும், பாதிக்கு மேல் எடுத்து உள்ளே வைத்துவிட்டால். பாட்டிலை வீட்டில் செய்தால் கடையில் வாங்குவதைவிட நன்றாக வரும். மூச்சு அட்டைக்குப் பதில் பனையோலைக் காற்றாடி போதும். பந்தைக் குழந்தையின் கைக்குக் கொடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கையேடு சொல்கிற முக்கியமான யோசனை ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொருந்தாது.

அட்டைகள்

பெட்டியில் உருப்படியான சாமான் இதுதான். கோபம் வந்த குழந்தைக்கு உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்பது தெரியும், அது என்ன என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் கடிக்கிறது, கையில் இருப்பதை வீசுகிறது, கீழே விழுந்து புரள்கிறது. அதற்கு ஒரு பேர் கிடைத்துவிட்டால் வாயால் சொல்ல ஒரு வழி பிறக்கிறது. 2007இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மேன் குழுவினர் நடத்திய மூளை ஸ்கேன் ஆய்வில், படத்திலுள்ள முகத்தின் உணர்ச்சிக்குப் பேர் சொல்லும்போது அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு தணிந்தது தெரிய வந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ‘கோவமா இருக்குது’ என்று சொல்லப் பழகின குழந்தை கடிப்பது குறைகிறது என்பதை அங்கன்வாடியில் வேலை செய்கிற யாரும் சொல்வார்கள்.

தப்பு எங்கே வருகிறது என்றால், இருபத்து நாலையும் ஒரே நாளில் பரப்பி வைப்பதில். குழந்தைகள் முதலில் சந்தோஷ முகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்து கோபமும் வருத்தமும். பயம், ஆச்சரியம், அருவருப்பு எல்லாம் பிறகுதான் தெளிகின்றன. மூன்று வயதுக்கு நாலு அட்டை போதும்: சந்தோஷம், கோபம், அழுகை, பயம். இந்த நாலையும் தடுமாறாமல் சொன்ன பிறகு களைப்பு, கூச்சம் இரண்டையும் சேர்க்கலாம். பொறாமை, ஏமாற்றம், குற்ற உணர்வு ஐந்து வயதுக்கு மேலே. மிச்ச அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரி மேல்தட்டில் வையுங்கள்.

வாங்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். எழுத்தை விரலால் மறைத்துக்கொண்டு, கூட வந்த பெரியவரிடம் ‘இது என்ன முகம்?’ என்று கேளுங்கள். பெரியவரே தடுமாறினால் குழந்தைக்கு நிச்சயம் விளங்காது. மஞ்சள் வட்டத்தில் கண்ணும் வாயும் வரைந்த இமோஜி அட்டைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். எரிச்சலுக்கும் கோபத்துக்கும் புருவத்தில் ஒரு கோடுதான் வித்தியாசம். நிஜக் குழந்தைகளின் புகைப்படம் போட்ட அட்டை என்றால் நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பிடிபடுகிறது. அதைவிட நன்றாக வேலை செய்வது உங்கள் குழந்தையின் முகமே. விளையாட்டாக ‘கோவ மூஞ்சி காட்டு, பயந்த மூஞ்சி காட்டு’ என்று சொல்லி போனில் நாலு படம் எடுத்து, போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்துவிடுங்கள். குழந்தை நிஜமாக அழும்போது எடுத்த படம் வேண்டாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சப்படும்.

காகிதத்தையும் கவனியுங்கள். மெல்லிய அட்டை மழைக்காலத்தில் இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும். லேமினேஷன் ஓரம் காகிதத்தோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் ஈரம் புகுந்து பிரியும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட்டிருக்க வேண்டும். மூலைகள் உருட்டி வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீசி எறியும்போது கண்ணில் குத்தும்.

ஆங்கில எழுத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, வீட்டில் சொல்கிற சொல்லை எழுதுங்கள். பக்கத்திலேயே அங்கன்வாடி டீச்சர் சொல்கிற சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதலாம்: கோவம், தேஷ்யம். எழுத்து பெரியவர்களுக்காகத்தான், எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதற்காக. இரண்டு மொழியில் கேட்பதால் குழந்தை குழம்பாது. ஒரு நாள் ‘கோவம்’, மறுநாள் ‘அடம்’, இன்னொரு நாள் ‘கொழுப்பு’ என்று கேட்டால்தான் குழம்பும். கோவம் என்பது அதற்கு உள்ளே நடப்பது, மற்ற இரண்டும் நாம் போடுகிற பட்டம்.

விளையாடும் முறை ரொம்பச் சுலபம். சாயங்காலம் குளித்துச் சாப்பிட்டு, குழந்தை நல்ல மனநிலையில் இருக்கும் ஐந்து நிமிடம். இரண்டு அட்டை மட்டும் எடுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து நீங்கள் அந்த முகத்தைச் செய்து காட்டுங்கள், பிறகு அதைச் செய்யச் சொல்லுங்கள். ‘இப்படி எப்ப ஆகும்?’ என்று கேளுங்கள். ‘பாப்பா சைக்கிளை எடுத்தா’ என்று பதில் வந்தால் போதும், அதோடு மூடிவிடுங்கள். கத்திக்கொண்டிருக்கும் குழந்தையின் முகத்துக்கு நேரே அட்டையை நீட்டி ‘இதுல நீ எது?’ என்று கேட்டால் அட்டை பறக்கும். அடுத்த நாள் அட்டையைக் கண்டாலே குழந்தை ஓடும்.

மினுமினுப்புப் பாட்டில்

குலுக்கினால் தூள் கலங்கி, மெல்ல மெல்ல அடியில் படியும். பார்த்துக்கொண்டே இருக்கும் அந்த ஒன்றரை இரண்டு நிமிடத்தில் அழுகையின் வேகம் குறையும், மூச்சு சீராகும். ‘உன் மனசும் இப்ப இப்படித்தான் கலங்கியிருக்கு’ என்ற விளக்கம் ஐந்து வயதுக்கு மேல் புரிகிறது. மூன்று வயதுக்கு அது வெறுமனே பார்க்கப் பிடித்த ஒரு பொருள், அதுவே போதும்.

பெட்டியோடு வருகிற பாட்டிலில் மூன்று குறைகள் அடிக்கடி தென்படுகின்றன. ஒன்று, சின்னதாக இருக்கும், தூள் இருபது விநாடியில் படிந்துவிடும். இரண்டு, மூடி கசியும். மூன்று, பாலக்காட்டு மாசி பங்குனி வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் உள்ளே இருக்கும் பசை மஞ்சளடித்து, தூள் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் செய்ய 500 மி.லி. பிடிக்கிற, கையால் அமுக்கினால் நசுங்காத தடிமனான தெளிந்த பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறின தண்ணீர் 350 மி.லி., கண்ணாடி போலத் தெளிந்த கம் 100 மி.லி., பொடியான மினுமினுப்புத் தூள் ஒன்றரை டீஸ்பூன், கேசரி கலர் இரண்டு சொட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. முதலில் பாதித் தண்ணீரையும் கம்மையும் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். தண்ணீர் ஆறிப்போயிருந்தால் கம் கரையாமல் நூல் நூலாகத் தொங்கும். கரைந்ததும் தூள், கலர், அந்த ஒரு சொட்டு, கடைசியில் மீதித் தண்ணீர். மேலே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். இடம் விடாவிட்டால் வெயிலில் விரிவடையும் நீர் மூடியைத் தள்ளும், குலுக்கினாலும் தூள் சரியாகக் கலங்காது.

மூடும் முன் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக் குலுக்கி நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் படிந்தால் இன்னும் 20 மி.லி. கம். நாலு நிமிடம் ஆகியும் படியாவிட்டால் கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிட்டுத் தண்ணீர் சேருங்கள், அவ்வளவு நேரம் சின்னக் குழந்தை பார்க்காது. தூள் மேலேயே மிதந்தால் அந்தத் திரவச் சொட்டை மறந்திருப்பீர்கள். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையை ஊற்றினால் முழுவதும் பாலாகிவிடும், தூளே தெரியாது. கம் கிடைக்காவிட்டால் மருந்துக்கடை கிளிசரின் அதே அளவு போடலாம். அது மஞ்சளடிப்பதும் இல்லை. எது ஊற்றினாலும் பாட்டிலை வெயில் படாமல் வையுங்கள்.

மூடியை ஒட்டுவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு சொட்டு விட்டால் கெட்டியாக ஒட்டும் உடனடிப் பசை இந்த வகைப் பிளாஸ்டிக் மூடியில் சரியாகப் பிடிக்காது. பிளம்பர் பைப்புக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைப் பாட்டிலின் மரையில் நாலைந்து சுற்று சுற்றி, மூடியை இறுக்கித் திருகி, அதன் மேல் கரண்ட் வேலைக்கான டேப்பை இழுத்து ஒட்டுங்கள். ஒரு ராத்திரி தலைகீழாக வைத்துப் பாருங்கள், காலையில் கீழே ஈரம் இருந்தால் மறுபடி சுற்ற வேண்டும். தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ மாறினால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே சரி.

மூச்சு அட்டையும் ஓலைக் காற்றாடியும்

மூச்சு அட்டையில் நட்சத்திரம் வரைந்து ‘நாலு எண்ணி இழு, நாலு எண்ணிப் பிடி, நாலு எண்ணி விடு’ என்று போட்டிருக்கும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூச்சைப் பிடிக்கச் சொன்னால் தோளைத் தூக்கிக்கொண்டு முகம் சிவக்கும், அவ்வளவுதான் நடக்கும். இந்த வயதுக்குத் தேவை நீளமாக வெளியே விடுவது மட்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த பொருள் ஒன்று நம் வரப்பிலேயே நிற்கிறது.

இந்த ஊர்கள் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா முழுக்கப் பனை. ஓலையில் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றதன் இரண்டு நுனியையும் நுழைத்துக் குறுக்காகப் பின்னினால் நாலு இறக்கை வரும். நடுவில் துளையிட்டு ஒரு குச்சியில் தளர்வாகக் கோத்துவிட்டால் காற்றாடி. ஊரில் வழக்கமாக முள்ளைத்தான் அச்சாகப் போடுவார்கள். குழந்தை கையில் கொடுப்பதற்கு முள் வேண்டாம், முனை மழுங்கின ஈர்க்கு போதும். ஓலை பச்சையாக இருக்கும்போதே செய்ய வேண்டும், காய்ந்தால் மடிப்பில் ஒடியும்.

சின்ன ஊதலுக்கு அது லேசாக அசையும். மெதுவாக, நீளமாக ஊதினால் நின்று சுற்றும். குழந்தை தானாகவே மூச்சை நீட்டக் கற்றுக்கொள்கிறது, எண்ணவே வேண்டாம். மூன்று நாலு முறைக்கு மேல் ஊத விடாதீர்கள், விடாமல் ஊதினால் தலை சுற்றும். ஒன்று முக்கியம்: ஆனி ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது திண்ணையில் வைத்துப் பழக்கினால் காற்றாடி தன்பாட்டுக்குச் சுற்றும், ஊத வேண்டிய வேலையே இருக்காது. அந்த மாதங்களில் வீட்டுக்குள், ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பழக்க வேண்டும்.

அட்டையில் ‘பூவை முகர், மெழுகுவத்தியை ஊது’ என்று இன்னொரு பயிற்சி இருக்கும். விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று வளர்க்கும் வீட்டில் அம்மிச்சிக்கு இது பிடிக்காது, குழந்தையும் இரண்டுபட்ட பேச்சைக் கேட்கும். ‘கஞ்சி சுடுது, ஊது’ என்று உள்ளங்கையைக் கிண்ணமாகக் குவித்துக் காட்டுங்கள். கை எப்போதும் கூடவே இருக்கிறது, பஸ்ஸிலும் செய்யலாம், கோயில் வரிசையிலும் செய்யலாம்.

மற்றவை

வண்ண வட்டம் நல்ல யோசனை, பெரியவர்கள் கையில் கெட்டுப்போகிறது. நீலம் சோர்வு, பச்சை அமைதி, மஞ்சள் தவிப்பு, சிவப்பு கோபம் என்று நாலு வண்ணம், நடுவில் ஒரு முள். குழந்தை முள்ளைச் சிவப்பில் வைத்தவுடன் ‘ஏன் சிவப்புல வச்ச? பச்சைக்கு மாத்து’ என்று சொன்னால் அது மார்க் ஷீட் ஆகிவிடும். மறுநாளிலிருந்து உள்ளே எப்படி இருந்தாலும் முள் பச்சையில்தான் நிற்கும். எந்த வண்ணத்துக்கும் ‘சரி, அப்படியா’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களும் தங்கள் முள்ளை நகர்த்தினால் குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முள்ளைப் பிடித்திருக்கும் பித்தளைக் கொண்டி கழன்று வந்தால் வாய்க்குப் போகும், பின்பக்கம் டேப் ஒட்டிவிடுங்கள்.

மணல் கடிகாரத்தை ‘மணல் முடியும் வரை இங்கேயே உட்கார்’ என்று காட்டினால் அது தண்டனைக் கடிகாரம்தான். அதற்குச் சரியான வேலை வேறு: ஒரே சைக்கிளுக்கு இரண்டு பேர் சண்டை போடும்போது ‘மணல் முடிஞ்சா தம்பிக்கு’. காத்திருப்பது கண்ணுக்குத் தெரிவதால் பாதிச் சண்டை குறையும். ஆகவே ஒற்றைக் குழந்தை வீட்டுக்கு இது தேவையில்லை.

பாப் இட் விரலுக்கு வேலை கொடுக்கும், கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. பிரித்தவுடன் பெட்ரோல் போலக் காட்டமாக நாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அமுக்குப் பந்துதான் கவலைக்குரிய சாமான். சில பந்துகளுக்குள் தண்ணீரில் ஊறிப் பெருகும் ஜெல்லி மணிகள் இருக்கும். பந்து கிழிந்து ஒரு மணி வயிற்றுக்குள் போனால், அங்கேயும் ஊதிப் பெருத்துக் குடலை அடைக்கும், ஆபரேஷன் வரை போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். அமுக்கினால் விளக்கு எரிகிற பந்துக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தீப்புண் உண்டாக்கிவிடும். பலூனில் மாவு அடைத்து வீட்டில் செய்கிற வழியும் ஆன்லைனில் நிறைய சுற்றுகிறது. கிழிந்த பலூன் துண்டு தொண்டையை அடைக்கும், எட்டு வயது வரைக்கும் அந்த ஆபத்து உண்டு.

இதற்குப் பதில் ஒரு துணிப் பை. கெட்டிப் பருத்தித் துணியில் 12 செ.மீ. சதுரம், ஓரம் முழுக்க இரட்டைத் தையல், உள்ளே 200 கிராம் ராகி. வெறும் சட்டியில் ஐந்து நிமிடம் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். வறுக்காவிட்டால் வண்டு வைக்கும். முழுக்க நிரப்பினால் கல்லாகிவிடும், கசக்க முடியாது. மூன்று வயதுக் கைக்கு இந்த எடை நன்றாகப் பொருந்தும். தையல் விட்டிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கையேடு சொல்வதும் செய்ய வேண்டியதும்

‘கோபம் வந்தால் குழந்தையை அமைதி மூலைக்கு அனுப்புங்கள்’ என்று கையேடு சொல்கிறது. ஆத்திரத்தை அடக்கி நிதானமாக யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு மூன்று வயதில் அது ஆரம்ப நிலை. தனியாக மூலையில் உட்கார்ந்து தன்னைத் தானே தணித்துக்கொள் என்றால் அந்த வயதுக்கு முடியாத காரியம். பக்கத்தில் ஒரு பெரியவரின் அமைதியான உடம்பும் குரலும் இருந்தால்தான் அதன் உடம்பு தணியும். மூலை இருக்கட்டும், பாயும் தலையணையும் ராகிப் பையும் பாட்டிலும் இருக்கட்டும். ஆனால் பெரியவரும் கூடப் போய் உட்கார வேண்டும்.

குழந்தையோடு பகல் முழுக்க இருக்கிற அம்மிச்சிக்கு ஆங்கிலக் கையேட்டால் பலன் இல்லை. அதனால் அடுக்களைச் சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதி வையுங்கள். அடிபடாத இடத்துக்கு நகர்த்து, கையில் இருக்கும் கனமான சாமானை வாங்கிவிடு. குழந்தையின் உயரத்துக்குக் கீழே உட்கார். பத்துச் சொல்லுக்குள் பேசு. முடியாது என்று சொன்னதை அழுகைக்காக மாற்றாதே. தணிந்த பிறகு தண்ணீர் கொடு, அணைத்துக்கொள். பேச்செல்லாம் அதற்கும் பிறகு.

பத்துச் சொல் என்றால் எப்படி? கடை வாசலில் மிட்டாய்க்காகப் படுத்துப் புரளும் குழந்தைக்கு: ‘முட்டாய் வேணுமுன்னு கோவம், சாமி. இன்னிக்கி வாங்கறதில்ல. நான் இங்கயேதான் இருக்கேன்.’ இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கத்தும் நேரத்தில் காரண காரியம் காதில் ஏறாது. அடித்தால், ‘அடிக்க விடமாட்டேன்’ என்று கையை மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம். கோபம் தப்பில்லை, அடிப்பதுதான் தப்பு என்பது இப்படித்தான் பதியும்.

‘பூச்சாண்டி வர்றான்’, ‘போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவேன்’ என்றால் அழுகை நிற்கும், உண்மைதான். கோபத்தின் மேல் பயம் ஏறி உட்காருவதால் நிற்கிறது. ராத்திரி தூக்கத்தில் அது வெளியே வரும். கண்ணாடியைக் காட்டி ‘பாரு, எப்படி அழுவுறேன்னு’ என்று கேலி செய்வதும் வேண்டாம். போனைக் கொடுத்தால் உடனே அமைதியாகும். தினமும் கொடுத்தால், தணிவதற்குப் போன் மட்டும்தான் வழி என்று குழந்தை கற்றுக்கொள்ளும், அடுத்த கோபமே போன் கேட்டு வரும்.

பெட்டியைத் தொடும் முன்னால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது சாப்பிட்டது, நேற்று எவ்வளவு தூங்கியது? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி மூன்று நாலு வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒன்று இரண்டு வயதுக்கு 11 முதல் 14. மீன மாதத்தில் நெம்மாரா வல்லங்கி வேலா திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், செண்டையும் வெடிச் சத்தமும் கேட்டு நடுராத்திரி திரும்பின குழந்தை மறுநாள் முழுக்கச் சிணுங்கத்தான் செய்யும். அன்றைக்கு எந்த அட்டையும் வேலை செய்யாது, மத்தியானம் இருட்டு அறையில் இரண்டு மணி நேரத் தூக்கம் செய்யும். அங்கன்வாடி விட்டு வந்தவுடன் தினமும் அழுகை என்றால், வாசலிலேயே ஒரு நேந்திரன் பழமோ ஒரு டம்ளர் மோரோ கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். நிறைய வீடுகளில் அதோடு தீர்ந்துவிடுகிறது.

வாங்குகிறவர்களுக்கு

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. திருவிழாக் கடைகளில் தனித்தனியாகத் தொங்கும் பந்தும் பாப் இட்டும் பெரும்பாலும் எந்த முத்திரையும் இல்லாதவை. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில், 32 மி.மீ. அகலத்துக்குள் நுழைந்துவிடும் எந்தச் சாமானும் அதன் கைக்கு எட்டக் கூடாது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் அது.

கடையில் தனி அட்டைக் கட்டு கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள், முழுப் பெட்டி வேண்டாம். இரண்டு மூன்று சின்னக் குழந்தைகள் சேர்ந்து வளரும் வீட்டுக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கும் மணல் கடிகாரத்தோடு கூடிய முழுப் பெட்டி பயன்படும், பந்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே எதுவுமே வேண்டாம். அந்த வயதுக்குத் தோளும் தாலாட்டும்தான்.

சில குழந்தைகளுக்கு இந்தப் பெட்டி சரியான பதில் அல்ல. ஆத்திரம் ஒவ்வொரு முறையும் 25 நிமிடத்தைத் தாண்டுவது, காயம் ஆகும் அளவுக்குத் தலையை மோதிக்கொள்வது, ஐந்து வயதுக்குப் பிறகும் தினமும் நடப்பது, இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, காது சரியாகக் கேட்கவில்லை என்ற சந்தேகம், இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அழுதுகொண்டே மூச்சு நின்று நீலம் பாரித்து மயங்கும் குழந்தையும் உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது, ஆனால் இரும்புச் சத்துக் குறைவோடு தொடர்புள்ளது, ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அங்கன்வாடிக் குழந்தைகளை ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள், தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று ஒரு ஆளைக் கண்டால், ஓர் இடத்துக்குப் போனால் மட்டும் அலறினால் அதை அடம் என்று தள்ளாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். குழந்தையைச் சமாளிக்க முடியாமல் உங்களுக்கே கை ஓங்குகிறது, அழுகை வருகிறது என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், இலவசம், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.